நாட்டுப்புறக் குழந்தைகளும் தடுப்பூசியும்

தடுப்பூசி உடலினுள் யாது செய்கின்றது என்பதனை விளக்கும் கட்டுரைகள் பல உள. யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அதுவன்று. மருந்து கண்டறியப்பட்டு, அரசாங்கத்தாரால் விலையின்றி வழங்கவும் படுகின்ற இக்காலத்தில், நகரத்தினின்று இருபது கல் தொலைவிலுள்ள சிற்றூர்க் குழந்தையிடத்து அஃது எங்ஙனம் சென்று சேர்கின்றது, சேராதவிடத்து ஏன் சேரவில்லை என்பதே எமது பொருள். நாட்டுப்புறத்தார் அறியாமையாற் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதில்லை என்று நகரத்தார் எளிதிற் சொல்லிவிடுகின்றனர். அக்கூற்று முழுதும் பொய்யன்று. ஆயினும் அதிற் பெரும்பகுதி பொய். அறியாமையினும் தொலைவே பெரிய தடை என்பது எமது துணிபு.

தொலைவு என்னும் இடர் தடுப்பூசியுடனேயே பிறந்தது எனலாம். எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் 1796 ஆம் ஆண்டு மே மாதத்தில், மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை ஒரு சிறுவன் கையில் இட்டு, அவனைப் பெரியம்மை தீண்டாதபடி காத்தார். இரண்டாண்டு கழித்து அதனை நூலாக வெளியிட்டார். செய்தி இந்தியாவுக்கு விரைவில் எட்டியது, மருந்தோ எட்டவில்லை. நூலிழையிலும் கண்ணாடியிலும் தோய்த்துக் கப்பலேற்றிய அம்மைப்பால் கடல்வழியின் வெப்பத்தாலும் நாட்கழிவாலும் வீரியமிழந்தது. இறுதியில் அது வந்த வழி வியப்புக்குரியது. வியன்னா, கான்ஸ்டாண்டினோபிள், பாக்தாத், பாஸ்ரா என ஊர்தோறும் ஒருவர் கையிற் பழுத்த கொப்புளத்தினின்று மற்றொருவர் கைக்கு மாற்றி, 1802 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தையாகிய அன்னா டஸ்தால் கையில் இட்டனர். அக்குழந்தையின் கையினின்றே இந்நாடெங்கும் மருந்து பரவலாயிற்று. பனிக்கட்டிப் பெட்டி இல்லாத அக்காலத்தில் மனிதர் கைகளே பெட்டியாயின.

தமிழ் பயிலும் நம்மனோர்க்கு ஈண்டு ஒரு செய்தி இனிக்கும். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்திற் பெயர்த்து விளக்கம் எழுதியவரும், தென்னாட்டு மொழிகள் தனி இனம் என்பதனை 1816 ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டியவருமான எல்லிஸ் துரை, மாட்டம்மையைப்பற்றிய கதையொன்றைத் தமிழில் இயற்றினார். மக்கள் போற்றும் பசுவினிடத்தே தோன்றிய மருந்து இது என்று காட்டி, அம்மை குத்திக்கொள்ளுதற்கு அவர்கள் கொண்டிருந்த கூச்சத்தை நீக்குவதே அவர் நோக்கம். அஃது எத்துணைப் பயன் தந்ததோ! ஆனால் மக்கள் கூச்சத்திற்குக் காரணம் மாரியம்மன் வழிபாடு ஒன்றே என்று நாம் கருதிவிடலாகாது. முன்பின் அறியாத ஒருவன் கையிலிருந்த சீழை எடுத்துத் தன் பிள்ளை கையிற் கீறுவதற்கு எந்தத் தாய்தான் மகிழ்ந்து இசைவாள்? கையினின்று கைக்கு மாற்றும் அம்முறையில் வேறு நோய்களும் தொற்றியதுண்டு. பின்னர்க் கன்றுகளினின்று அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தது. அதற்கென 1899 இல் சென்னைக் கிண்டியில் தொடங்கிய நிலையமே, அக்காலச் சுகாதார அதிகாரியாயிருந்த கிங் என்பவர் பெயரால் இன்றும் கிங் நிலையம் என வழங்குகின்றது.

1880 ஆம் ஆண்டு இந்திய அம்மைகுத்துச் சட்டம் ஒன்று பிறந்தது. பிள்ளைகளுக்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கிய அச்சட்டம், தெரிந்தெடுத்த நகராட்சிகளுக்கும் படைவீடுகளுக்குமே உரியதாயிருந்தது. நகரெல்லை முடிந்தவிடத்தில் சட்டமும் முடிந்தது. நாட்டுப்புறத்தார் அறியாமையைப் பேசுவோர் இதனையும் சற்று நினைத்தல் நலம்.

பெரியம்மை ஒழிந்த வரலாறு யாவரும் அறிந்ததே. இந்தியாவிற் கடைசியாக 1975 ஆம் ஆண்டு மே மாதத்தில் அது காணப்பட்டது. உலகினின்றே ஒழிந்தது என்று 1980 இல் அறிவித்தனர். அவ்வெற்றிக்குத் துணைநின்ற இரண்டு சிறு பொருள்களைமட்டும் குறிப்போம். ஒன்று, உறையவைத்து உலர்த்திய மருந்துப்பொடி. வெயிலிற் பல நாள் கிடந்தாலும் அது கெடாது. மற்றொன்று, நுனி இரண்டாய்ப் பிளந்த ஊசி. சிறிது பயிற்சி பெற்ற எவரும் அதனைக் கையாளலாம். மருந்து வெயிலைத் தாங்கிற்று, ஊசி எளியதாயிற்று, ஆகவே பாதையற்ற ஊர்களுக்கும் அவை நடந்து சென்றன. ஒருமுறை குத்தினாற் போதும்; கையில் நின்ற தழும்பே சான்று; வேறு சீட்டு வேண்டியதில்லை.

இக்காலத்துக் குழந்தைத் தடுப்பூசிகளோ அத்தகைய எளிமை உடையனவல்ல. பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியும், மஞ்சட்காமாலைக்குரிய ஊசியும், இளம்பிள்ளை வாதச் சொட்டும். பின்னர் ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என மூன்றுமுறை, தொண்டை அடைப்பான், கக்குவான், ஏற்பிசிவு முதலியவற்றைத் தடுக்கும் ஐந்து மருந்துகள் ஒன்றாய்க் கூடிய ஊசியும் பிறவும். ஒன்பது மாதம் நிறைந்தபின் தட்டம்மை, ரூபெல்லா ஊசி. பதினாறு மாதத்திற்குமேல் இரண்டு வயதிற்குள் மறுமுறை. ஐந்து வயதிற்குமேல் இன்னும் ஒருமுறை. ஆக ஒரு பிள்ளைக்கு ஏழு வருகை. ஏழு வருகையாவது ஏழு நாட்கூலி என்று பொருள். நாற்று நடவோ களையெடுப்போ நடக்கும் பருவத்தில், கைக்குழந்தையை இடுப்பிலும் மூத்த பிள்ளையைக் கையிலும் கொண்டு, பேருந்து வரும் சாலைவரை நடந்து, ஆரம்பச் சுகாதார நிலையத்தை அடைந்து, ஊசிக்குப்பின் அரைமணி நேரம் அங்கேயே இருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் உறங்காதிருந்து, மறுநாளும் வேலைக்குச் செல்லவொண்ணாத தாய்க்கு, ஊசி விலையற்றது என்று நாம் கூறுவது ஒருபுடையே உண்மை. பிறந்தவுடன் போடும் ஊசிக்குத் தடையில்லை. பேறு மருத்துவமனையிலேயே நிகழ்தலின் அஃது அங்கேயே முடிந்துவிடும். பிற்பட்ட ஊசிகளே தவறுகின்றன.

இனி மருந்தின் பயணத்தைக் காண்போம். இன்றைய தடுப்பு மருந்துகள் பலவற்றையும் ஊர்ப்புறச் சுகாதார நிலையங்களில் 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிரில் வைத்துக் காத்தல் வேண்டும். இதிலுள்ள சிக்கல் வெப்பம் ஒன்றே என்று எண்ணுவோம். குளிர் மிகினும் கேடே. இளம்பிள்ளை வாதச் சொட்டுமருந்தும் தட்டம்மை மருந்தும் வெயிலுக்கு அஞ்சும். ஐந்து மருந்துக் கூட்டும் காமாலை மருந்தும் உறைபனிக்கு அஞ்சும். அவற்றிற் கலந்துள்ள அலுமினிய உப்பு உறைந்தாற் கட்டிபட்டு, மருந்து பயனற்றுப்போம். ஆகவே ஒரே பெட்டியில் வெயிலுக்கு அஞ்சுவதையும் பனிக்கு அஞ்சுவதையும் வைத்துக்கொண்டு கிராம சுகாதாரச் செவிலியர் புறப்பட வேண்டும். உறைபெட்டியினின்று எடுத்த பனிக்கட்டிப் பொதிகளை உடனே மருந்தோடு வைத்தலாகாது. வெளியே சிறிது நேரம் வைத்து, காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே நீர் அலம்பும் ஓசை கேட்டபின்னரே பெட்டியின் நான்கு பக்கத்தும் ஒவ்வொன்றாய் அடுக்குவர். எம் ஊர்த் துணைநிலையத்துச் செவிலியர் விடியற்காலையிற் பொதியைக் காதில் வைத்துக் கேட்பதனை யாம் கண்டிருக்கின்றோம்; எந்நூலிலும் கற்றறியாத பொறுமை அது. சீசாவின்மேல் வட்டமும் அதனுட் சதுரமுமாக ஒரு சிறு அடையாளம் இருக்கும். சதுரம் வெளிறியிருக்குமளவும் மருந்து நல்லது; வெப்பம் படப்பட அது கறுத்து வட்டத்தின் நிறத்தை எட்டுமாயின் அம்மருந்தை எறிந்துவிட வேண்டும். மின்சாரம் நெடுநேரம் நின்றுபோகும் ஊர்களில் இச்சிறு சதுரமே நீதிபதி.

இன்னுமொரு தடையுண்டு, புறத்தார் அறியாதது. காசநோய்த் தடுப்பு மருந்து பொடியாய் வரும். ஒரு சீசா பத்துக் குழந்தைகளுக்குரியது. நீர் கலந்தபின் நான்கு மணி நேரத்துள் முடித்தாக வேண்டும். மிஞ்சியதை எறிய வேண்டும். தட்டம்மை மருந்துக்கும் நான்கு மணி நேரமே கெடு. சிற்றூரில் ஒரே குழந்தை வந்திருக்கும்போது ஒரு சீசாவைத் திறத்தலா, வேண்டாவா? வீணாக்கலாகாது என்பது செவிலியர்க்குச் சொல்லியிருக்கும் கடமை. வந்த குழந்தையைத் திருப்பலாகாது என்பதும் கடமை. அவர் பலகால் இரண்டிற்கும் இடையில் நின்று, “அடுத்த புதன்கிழமை வாருங்கள், இன்னும் சில பிள்ளைகள் சேரட்டும்” என்பார். தமிழ்நாட்டிற் புதன்கிழமையே ஊசி நாள். அடுத்த புதன்கிழமை தாய்க்கு வேலை, அதற்கடுத்தது திருவிழா, பிள்ளைக்கு வயது கடக்கின்றது. மருந்தை மிச்சம் பிடித்துக் குழந்தையை இழப்பதனினும், ஒரு குழந்தைக்காகச் சீசாவைத் திறப்பதே மேல் என்பது எம் கருத்து.

இவ்வாறு சிறுகச் சிறுகத் தேய்கின்ற தொலைவு ஒரே ஆணையால் மிகுந்தால் யாது நேரும்? அதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 2008 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட கைக்குழந்தைகள் நால்வர் இறந்தனர். நாடே நடுங்கிற்று, ஊசிப்பணி நிறுத்தப்பட்டது. பின்னர், மருத்துவர் உடனிருக்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே ஊசி போடுதல் வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. துணைநிலையத்திலும் ஊர்ப் பால்வாடியிலும் செவிலியர் போட்டுவந்த ஊசி நின்றது. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணைநிலையம். ஆரம்பச் சுகாதார நிலையமோ 30,000 பேருக்கு ஒன்று என்பது அரசாங்க அளவு. இதனால் தாய் நடக்கும் வழி எத்துணை நீண்டது என்பதனை நாமே உணரலாம்.

இவ்வேற்பாட்டை இகழ்தல் எம் நோக்கமன்று. ஊசிக்குப்பின் அரிதாய்ச் சில குழந்தைகளுக்கு உடல் திடீரென ஒவ்வாது தளர்தல் உண்டு. அப்பொழுது மருத்துவர் அருகிருந்தாற் காக்கலாம். நான்கு வீட்டின் அழுகையைக் கேட்ட அதிகாரிகள் வேறு செய்திருப்பரோ? ஆயினும் விளைவையும் நோக்குதல் கடன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஒரு வயதுக்குரிய ஊசிகளெல்லாம் முடித்த குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06 இல் நூற்றுக்கு 81 பேர். இந்தியா முழுமைக்கும் அப்போது 44 பேரே. நாம் முன்னணியில் நின்ற காலம் அது. 2015-16 இல் இந்தியாவின் எண் 62 ஆக உயர்ந்தது. தமிழ்நாட்டின் எண்ணோ 70 ஆகத் தாழ்ந்தது. நாடெல்லாம் ஏறுகின்ற காலத்தில் நாம் இறங்கினோம். இக்கணக்கு அட்டையைப் பார்த்தும், அட்டை இல்லாவிடத்துத் தாயின் நினைவைக் கேட்டும் எடுத்ததாகலின் சிறிது பிழை இருக்கலாம். இறக்கத்திற்குக் காரணமும் ஒன்றேயென்று துணிதல் ஆகாது. அச்சமும் ஒரு காரணமே. எனினும் வழி நீண்டமையை ஒதுக்கிவிட்டு இவ்விறக்கத்தை விளக்குதல் எங்ஙனம் கூடும்? பின்னர் ஊசிப்பணி மீண்டும் ஊர்களுக்குத் திரும்பிற்று. 2019-21 கணக்கெடுப்பில் எண் 89 ஆக ஏறியது. தாய்மார் அறிவு பத்தாண்டில் மங்கி, அடுத்த நான்காண்டில் ஒளிபெற்றது என்று எவரேனும் சொல்வரோ?

ஊசியால் இறந்த குழந்தையை ஊரெல்லாம் அறியும். ஊசி இன்மையால் இறக்கும் குழந்தை, தட்டம்மைக்குப்பின் வரும் நுரையீரற் காய்ச்சலாலோ வயிற்றுப்போக்காலோ இறந்தது என்றே எழுதப்படும். முன்னதற்கு விசாரணை உண்டு, பின்னதற்கு இல்லை. தட்டம்மை மிக விரைவிற் பரவும் நோயாகலின், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்க்கேனும் ஊசி இருந்தாலன்றி அஃது அடங்காது என்பர் வல்லுநர். ஆகவே விடுபட்ட சிலரே எல்லார்க்கும் வாயிலாகின்றனர்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்து, கூட்ட மிகுதியால் வாயிலில் நுழைய வழியின்றி, வீட்டின் மேற்கூரையைப் பிரித்து ஆண்டவர்முன் இறக்கிய வரலாற்றை நாம் சிறுவயது முதல் கேட்டுவருகின்றோம். அவனுக்கு நால்வர் வாய்த்தனர். சுமப்பார் இல்லாதவன் என்ன செய்வான் என்னும் வினா எமக்கு அடிக்கடி எழுவதுண்டு. வேலூரில் மருத்துவப் பணி செய்த ஐடா ஸ்கடர் அம்மையார் இதற்குத் தம் செயலால் விடை கண்டார். மருத்துவமனைக்கு வரவியலாதாரை நாடி, குடியாத்தம் செல்லும் சாலையில் மரநிழல்தோறும் வண்டியை நிறுத்தி, அங்குக் கூடியிருந்த நோயாளரைப் பார்த்தனர். நாளும் இடமும் ஊரார்க்கு முன்னரே தெரியும். வண்டி தவறாது வரும் என்னும் நம்பிக்கையும் இருந்தது.

இளம்பிள்ளை வாதம் ஒழிந்ததும் இம்முறையாலேயே. 1995 இல் தொடங்கிய சொட்டுமருந்து நாளில், முதலிற் சாவடிகளில் மருந்து வைத்துத் தாய்மாரை அழைத்தனர். மிகப் பலர் வந்தனர். வாராதார் சிலர் இருந்தனர். நோய் அச்சிலரிடத்தே ஒளிந்திருந்தது. பின்னர் வீடுவீடாகச் சென்று, கொடுத்த குழந்தையின் விரலில் மையிட்டு, கதவில் அடையாளமிட்டு, புகைவண்டியிலும் பேருந்து நிலையத்திலும் செங்கற் சூளையிலும் தேடினர். 2011 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆம் நாள் மேற்கு வங்கத்து ஹவுராவிற் கண்ட நோயே இந்தியாவிற் கடைசி. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சொட்டுமருந்தை ஆசிரியரும் மாணவரும் கொடுக்கலாம். நம் கல்லூரியாரும் கொடுத்ததுண்டு. ஊசியை எல்லாரும் போடவியலாது. அதற்குச் செவிலியர் வேண்டும், அவரோ ஒருவர், அவர் பொறுப்பில் ஊர்கள் பல.

அறியாமைக்குரிய பங்கையும் மறைக்காது சொல்லவேண்டும். 2017 ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ளார்க்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போடுதற்குத் தமிழ்நாட்டிற் பெருமுயற்சி நிகழ்ந்தபொழுது, கைப்பேசி வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்கினர். இவ்வச்சம் சிற்றூரிற் பிறந்ததன்று. கைப்பேசி மிகுந்த நகரங்களிலும் படித்தோரிடத்தும் அது நன்கு வேரூன்றிற்று. நாட்டுப்புறத்துத் தாய்க்கு ஐயம் எழுந்தால், தன் பேற்றின்போது உடனிருந்த செவிலியரைக் கேட்பாள். அவர் சொல்லை நம்புவாள். அச்செவிலியர் அவ்வூரில் இருத்தல்வேண்டும் என்பதே வேண்டுவது.

இன்று எஞ்சி நிற்போர் யாவர்? தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினொருவர் என்று கணக்குச் சொல்கின்றது. அவர்கள் ஊர்தோறும் ஒப்பப் பரந்திருப்பவரல்லர். சவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களில் வண்டி செல்லாத குடியிருப்புகளில் வாழ்வோர் சிலர். மலைப்பகுதியில் 3,000 பேர்க்கு ஒரு துணைநிலையம் என்று அளவைக் குறைத்துள்ளனர். ஆயினும் மலையில் மூவாயிரவர் எத்தனை சிற்றூரிற் சிதறியிருப்பர் என்பதனை அவ்வளவு காட்டுவதில்லை. மற்றையோர் பொங்கல் கழிந்ததும் செங்கற் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு பெயர்வோர். குழந்தையின் தாய் சேய் நல அட்டை சொந்த ஊரின் கூரையிடுக்கில் இருக்கும். குழந்தை சூளையருகே இருக்கும். சொந்த ஊர்ச் செவிலியர் பதிவேட்டில் “ஊரில் இல்லை” என்று எழுதுவார். சூளை இருக்கும் ஊர்ச் செவிலியர் பதிவேட்டில் அக்குழந்தையின் பெயரே இராது. ஏப்ரலில் ஒன்பது மாதம் நிறையும் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி இங்ஙனமே தவறுகின்றது. எங்கே சென்றாலும் குழந்தையின் கணக்குத் தெரியும்படி, 2023 ஆம் ஆண்டு யூ-வின் என்னும் கணினிப் பதிவேட்டைச் சில மாவட்டங்களில் முதற்கண் தொடங்கிப் பின்னர் விரிவாக்கினர். கைப்பேசியெண்ணைக் கூறினால் எவ்வூரிலும் எஞ்சிய ஊசியைப் போட்டுக்கொள்ளலாம் என்பர். சூளையில் வேலைசெய்வோர் கைப்பேசியெண் ஆண்டுதோறும் மாறுவதுண்டு; ஆதலின் பதிவேடு இருப்பினும், சூளை எரியத் தொடங்கும் மாதத்தில், அப்பெட்டியைத் தோளிலிட்டுக்கொண்டு ஒருவர் அங்கே சென்று, குடிசைதோறும் பிள்ளைகளின் வயதைக் கேட்டு எழுதியே தீரவேண்டும்.